கல்லை விட்டால்தான் மேலே வரலாம்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

தாத்தாவுக்கு இப்போது 88 வயது. 1961-ல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் இறங்கியவர், அதற்கப்புறம் ரொம்ப வருஷம் சங்கு குளித்தார். இன்று மத்தியானம் சாப்பிடும்போது அவரிடம், உலகத்திலேயே ஆழமான இடம் பசிபிக் கடலில், குவாம் தீவுக்குத் தென்மேற்கே, மரியானா அகழியில் இருக்கிறது, சேலஞ்சர் மடு என்று பெயர், ஆழம் சுமார் 10,900 மீட்டர் என்று சொன்னேன். மீட்டர் கணக்கு அவருக்கு ஒத்துவராது. "பாகத்துல சொல்லு" என்றார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அதாவது ஆறடி. செல்போனில் வகுத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட 5,960 பாகம் வந்தது. அவர் குளித்ததெல்லாம் ஒன்பது, பத்து பாகம்.

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "ஏட்டி, எறங்குனது சரி. எப்படி ஏறுனான்?"

நான் இத்தனை நாளாகப் படித்ததில் யார் போனார், எத்தனை மீட்டர் போனார் என்றுதான் பார்த்திருக்கிறேன். எப்படி ஏறினார் என்று யோசித்ததே இல்லை. அவர் கேள்விக்காகவே மறுபடி எல்லாவற்றையும் படிக்கப் போகிறேன், படிப்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 15, புதன்

பொங்கல் வேலை ஓய்ந்தது. தாத்தாவிடம் முத்துக்குளிப்பு பற்றி விவரமாகக் கேட்டேன். ஒரு கயிற்றில் கல், இன்னொரு கயிற்றில் சிப்பி போடும் பை. கல்லின் மேல் காலை ஊன்றிக்கொண்டு மூச்சை அடக்கினால் அது ஆளை விறுவிறுவென்று அடிக்குக் கொண்டுபோய்விடும். தரை தட்டியதும் காலை எடுத்துவிட வேண்டும், மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். சிப்பியைப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றை ஆட்டினால் பையோடு ஆளையும் தூக்குவார்கள். கயிறு பிடிப்பவன் பெரும்பாலும் மச்சானாக இருப்பானாம், தங்கச்சி தாலியை நினைத்தாவது கையை விடமாட்டான் என்று. இதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

ராத்திரி சேலஞ்சர் கப்பலைப் பற்றிப் படித்தேன். பிரிட்டிஷ் கப்பல், அந்த மடுவுக்கு இந்தப் பெயர் வந்ததே அதனால்தான். 1875 மார்ச் 23-ல் அங்கே சணல் கயிற்றை இறக்கி அளந்திருக்கிறார்கள், 4,475 பாகம்! அவர்களும் பாகத்தில்தான் அளந்தார்கள். கயிற்றின் நுனியில் ஒரு குழாய், அதைச் சுற்றி இரும்புக் குண்டுகள். அடியைத் தொட்டதும் குண்டுகள் தானாகக் கழன்று அங்கேயே கிடக்கும், குழாயும் அதற்குள் அப்பிய சேறும் மட்டும் மேலே வரும். மனுஷனே போகாத காலத்திலும் கல்லை விட்டுவிட்டு வருகிற வேலைதான். தாத்தாவிடம் சொன்னபோது, இதிலென்ன அதிசயம் என்பது போலத் தலையாட்டினார்.

ஜனவரி 23, வியாழன்

இன்றோடு சரியாக 65 வருஷம். 1960 ஜனவரி 23-ல் ஜாக் பிக்கார்ட், டான் வால்ஷ் என்ற இரண்டு பேர் திரியெஸ்ட் கலத்தில் சேலஞ்சர் மடுவின் அடியைத் தொட்டார்கள். கலத்தை வடிவமைத்தது ஜாக்கின் அப்பா ஆகஸ்ட் பிக்கார்ட், அதை அமெரிக்கக் கடற்படை 1958-ல் வாங்கியிருந்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதன் எளிமை. ஆட்கள் உட்காரும் இடம் ஒரு எஃகு உருண்டை, வெளி அகலம் 2.16 மீட்டர், சுவர் ஐந்து அங்குலத் தடிமன். உருண்டைதான் அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்கும், அந்த ஆழத்தில் ஒரு விரல்நகம் அளவு இடத்தின் மேல் ஒரு டன்னுக்கும் அதிகமான பாரம் உட்கார்ந்திருக்கும். ஆனால் இவ்வளவு கனத்த உருண்டை தானாக மிதக்காது. அதனால் அதற்கு மேலே பெரிய தொட்டி, தொட்டி நிறைய பெட்ரோல். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, காற்று நசுங்குகிற அளவுக்கு அழுத்தத்தில் நசுங்கிப் போகாது. இறங்குவதற்குப் பல டன் இரும்புக் குண்டுமணிகள். அந்த மணிகளைப் பிடித்து வைத்திருந்தது மின்காந்தம். மின்சாரத்தை நிறுத்தினால் மணிகள் கொட்டிவிடும், கலம் மேலே ஏறும். கோளாறாகி மின்சாரம் தானே போனாலும் அதேதான் நடக்கும்.

தாத்தாவுக்கு இதை வாசித்துக் காட்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கையை விட்டாத்தான் ஏறும். நமக்கு மச்சான் கையை விட்டா சாவு" என்றார்.

இறங்க ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுமார் 9,400 மீட்டரில் பெரிய சத்தம், கலமே குலுங்கியிருக்கிறது. வெளிப்புறக் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டிருந்தது. கருவிகளைப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது, தொடர்ந்து இறங்கினார்கள். நானாக இருந்தால் அங்கேயே இரும்பைக் கொட்டியிருப்பேன். அடியில் இருந்தது 20 நிமிஷம். குளிர் வேறு. கலம் தரையில் உட்கார்ந்ததும் சேறு கிளம்பி வெளியே எல்லாம் பால் மாதிரி ஆகிவிட்டது, ஒரு போட்டோகூட எடுக்க முடியவில்லை. ஏற 3 மணி 15 நிமிஷம்.

ஜனவரி 24, வெள்ளி

நேற்று விட்டுப்போனது. அடியில் தட்டையான மீன் ஒன்றைப் பார்த்ததாக பிக்கார்ட் சொன்னார். உயிரியலாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை, கடல் அட்டையாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். காரணம் இருக்கிறது. அழுத்தத்தில் உடம்பின் புரதங்கள் கெடாமல் இருக்க மீன்கள் ஒருவகை வேதிப்பொருளைச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன, ஆழம் கூடக்கூட அதுவும் கூட வேண்டும், சுமார் 8,200 முதல் 8,400 மீட்டருக்குக் கீழே உடம்பால் அதற்குமேல் சேர்க்க முடியாது. 2022-ல் ஜப்பான் பக்கத்தில் இசு-ஒகசவாரா அகழியில் 8,336 மீட்டரில் ஒரு நத்தைமீனைப் படம் பிடித்தார்கள், அது கிட்டத்தட்ட அந்த எல்லையேதான்.

பிக்கார்ட் பொய் சொன்னார் என்று சிலர் எழுதுவதைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. கலங்கல் தண்ணீரில் சங்கு என்று நினைத்துக் கையை வைத்தால் கல்லாக இருக்கும், கல் என்று விட்டால் சங்காக இருக்கும் என்று தாத்தா எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். ஐந்து மணி நேரம் இருட்டில் இறங்கி, ஒரு சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்த மனுஷன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

திரும்பி வராதவை. கைகோ என்று ஜப்பானின் ஆளில்லாக் கலம், 1995-ல் சேலஞ்சர் மடுவைத் தொட்டது. 2003-ல் அதன் கேபிள் அறுந்தது, கலம் கிடைக்கவே இல்லை. நெரியஸ், அமெரிக்காவுடையது, 2009-ல் அதே மடுவுக்குப் போய் வந்தது, 2014-ல் நியூசிலாந்துக்கு வடக்கே கெர்மடெக் அகழியில் சுமார் 9,900 மீட்டரில் நொறுங்கியது. கொஞ்சம் துண்டுகள் மட்டும் மிதந்து வந்தன. இரண்டிலும் ஆள் இல்லை, இருந்தாலும் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது.

2012 மார்ச் 26-ல் டைட்டானிக் பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் சேலஞ்சர் மடுவுக்குத் தனியாகப் போனார், எடைகளைக் கழற்றிவிட்டு ஏறினார். அவருடைய கலத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது: எதுவுமே வேலை செய்யாவிட்டால் எடையைப் பிடித்திருக்கும் கம்பி குறிப்பிட்ட மணி நேரத்தில் உப்புத் தண்ணீரிலேயே அரித்துப்போய் அறுந்துவிடும். கடல் தன் கையாலேயே ஆளை விட்டுவிடுகிற மாதிரி. இதை யோசித்தவர்களைக் கும்பிட வேண்டும்.

2020-ல் கேத்தி சல்லிவன் போனார், அந்த மடுவுக்குப் போன முதல் பெண். அதற்கு முன்பே, 1984-ல், விண்வெளியில் நடந்தவர்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று எழுத மனசே இல்லை. கைகோ 1998-ல் எடுத்த படங்களில் ஒன்று, 10,898 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. அங்கே மனுஷன் அதுவரை ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறான், பை போய்விட்டது. மரியானா அகழியில் பிடித்த இறால் மாதிரியான ஒரு சின்ன உயிரின் வயிற்றில் பிளாஸ்டிக் இழை இருந்ததால், 2020-ல் அதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே பிளாஸ்டிக்கைச் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம் நாம் விட்டுவிட்டு வந்த இரும்பெல்லாம்? அதுவும் அங்கேதான் கிடக்கிறது. ஆள் உயிரோடு ஏற வேண்டுமென்றால் வேறு வழியில்லை, தெரியும். பைக்கு அந்தச் சமாதானம்கூட இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

நல்ல செய்தி. இந்தியாவின் ஆளேறும் ஆழ்கடல் கலமான மத்ஸ்யா 6000-ஐச் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்துவிட்டார்கள். பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கியது. முழுதாக முடியும்போது மூன்று பேர், 6,000 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உள்விட்டமுள்ள டைட்டானிய உருண்டை, ஆபத்து வந்தால் 96 மணி நேரம் தாங்கும். எடையைக் கழற்றிவிட்டு மிதந்து வரும் ஏற்பாடு இதிலும் உண்டு.

இந்தியப் பெருங்கடலின் நடுவே 75,000 சதுர கிலோமீட்டரில் உலோக முடிச்சுகளை, அதாவது கடலடியில் கிடக்கும் உலோகக் கட்டிகளைத் தேடுவதற்கு இந்தியாவுக்கு உரிமை இருக்கிறது. அந்த முடிச்சு சில மில்லிமீட்டர் வளரவே பத்து லட்சம் வருஷம் ஆகும். போய்ப் பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். அள்ளுவதற்கு மட்டும் அவசரப்பட வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சாயங்காலம் தாத்தாவிடம், "உங்க கல்லு என்னாச்சு?" என்று கேட்டேன். கொல்லைப்புறத்தைக் காட்டினார். தண்ணி டிரம் மூடி காற்றில் பறக்காமல் இருக்க ஆச்சி அதைத்தான் வைத்திருக்கிறாள், நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிற கல், நடுவில் கயிறு கோத்த ஓட்டையோடு. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தேன். 14 கிலோ 300 கிராம். கடைக்காரர் விலைக்கா என்று கேட்டார், இல்லை என்று சொல்லி, மறுபடி தூக்கிக்கொண்டு வந்தேன்.