அம்மாயியின் அக்கியும் டெர்மடோமும்

மருத்துவக் கல்லூரி முதலாண்டு அனாடமி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எனக்கு வந்த முதல் கேள்வி: "டெர்மடோம் என்றால் என்ன?" ஒரு தண்டுவட நரம்பின் உணர்வு இழைகள் போய்ச் சேரும் தோல்பகுதி என்று கடகடவென ஒப்பித்தேன். "சரி, ஒருத்தருக்குச் சுண்டுவிரல் மரத்துப்போச்சு. அல்நார் நரம்பா, சி8 வேரா, எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்றார் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர். அல்நார் என்பது முழங்கையின் உள்பக்கமாகக் கைக்கு வரும் நரம்பு; சி8 என்பது கழுத்துப் பகுதித் தண்டுவட நரம்புகளில் எட்டாவது. எனக்குப் பதில் வரவில்லை. எந்தத் தோல் எந்த நரம்புக்கு என்று காட்டும் சார்ட் முழுக்க மனப்பாடமாக இருந்தும், அந்தச் சொல்லின் பொருள் எனக்குப் பிடிபட்டிருக்கவில்லை.

லீவுக்கு ஏற்காடு பஸ் ஏறினேன். நாகலூரில் அம்மாயி படுத்திருந்தார். வலது மார்புக்குக் கீழே அக்கி. குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதியிருந்தார்கள். "நெருப்பை வச்சு இழுத்த மாதிரி எரியுது கண்ணு" என்றார். கொப்புளங்கள் முதுகெலும்பின் ஓரத்தில் ஆரம்பித்து, விலாவோடு சுற்றி வந்து, நெஞ்சின் நடுக்கோட்டில் நின்றுவிட்டிருந்தன. இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. சார்ட்டில் நான் கலர் பென்சிலால் தீட்டிய டி6 பட்டை (மார்புப் பகுதியின் ஆறாவது நரம்புடையது) அப்படியே அம்மாயியின் உடம்பில் இருந்தது.

சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரின் முடிச்சில் பல வருடம் உறங்கிக் கிடக்கும். விழித்தால் அந்த ஒரு நரம்பு வழியாகவே தோலுக்கு வரும். அதனால்தான் அக்கி பெரும்பாலும் ஒரே பக்கம், ஒரே பட்டை. 1900இல் ஹென்றி ஹெட்டும் கேம்பெலும் அக்கி வந்தவர்களைப் பார்த்தே டெர்மடோம் வரைபடம் போட்டார்கள். (அக்கிக்கு வைரஸை அடக்கும் மாத்திரையைப் பொதுவாக 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. காவியோடு நின்றுவிடாதீர்கள். நெற்றியிலோ கண் பக்கமோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.)

கிரேக்கத்தில் டெர்மா என்றால் தோல், டோம் என்றால் வெட்டு. இதே பெயரில் கருவியலிலும் ஒன்று உண்டு: சோமைட்டில் (கருவின் முதுகோரத்தில் வரிசையாக இருக்கும் திசுக்கட்டியில்) தோலாக மாறப்போகும் பகுதி. தோல் ஒட்டும் ஆபரேஷனில் மெல்லிசாகத் தோல் சீவும் கருவிக்கும் இதே பெயர்தான். வைவாவில் எதைக் கேட்கிறார்கள் என்று கவனித்துப் பதில் சொல்லுங்கள்.

தண்டுவட நரம்புகள் 31 ஜோடி. முதலாவதான சி1க்கு மட்டும் பெரும்பாலும் தோல்பங்கு கிடையாது. இத்தனையையும் சார்ட்டில் உருப்போடாதீர்கள். ஹாஸ்டல் அறையில் ஒரு தோழியைக் குழந்தை தவழ்வதுபோல் நிற்கச் சொல்லி, முதுகிலிருந்து பட்டை பட்டையாகக் கோடு இழுத்துப் பாருங்கள். நிற்கும்போது குழப்பமாகத் தெரிகிற கை கால் கோடுகள் தவழும் நிலையில் வரிசைக்கு வந்துவிடும். கருவில் கை முளைக்கும்போது சி5 முதல் டி1 வரை தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் மார்பில் சி4க்குக் கீழேயே டி2 வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இந்தக் காரணம் தெரிந்த அன்றே படம் மனதில் நின்றுவிட்டது.

அப்புறம் சில அடையாளங்கள் போதும். கட்டைவிரல் சி6, நடுவிரல் சி7, சுண்டுவிரல் சி8, மார்புக்காம்பு டி4, தொப்புள் டி10, கால் பெருவிரல் எல்5, கால் சுண்டுவிரல் எஸ்1 (எல் இடுப்புப் பகுதி, எஸ் அதற்கும் கீழே). குடல்வால் வலி முதலில் தொப்புளைச் சுற்றித் தொடங்குவதும், அதன் உணர்வும் அதே டி10 வழியாகப் போவதால்தான். பக்கத்துப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடப்பதால் ஒரு வேர் மட்டும் கெட்டால் முழுசாக மரத்துப்போவது அபூர்வம். புத்தகத்துக்குப் புத்தகம் படம் கொஞ்சம் மாறுவதைக் கண்டு பயப்படவும் வேண்டாம்.

அந்த எக்ஸ்டர்னல் கேள்விக்கான பதில் மூன்றாம் வருடம் வார்டில் கிடைத்தது. சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர். சுண்டுவிரல் மரத்திருந்தது. பஞ்சை எடுத்து மோதிர விரலில் தொட்டேன். சுண்டுவிரல் பக்கத்துப் பாதியில் உணர்வு குறைவு, மறுபாதி சரியாக இருந்தது. மணிக்கட்டைத் தாண்டி முன்கையின் உள்பக்கம் தொட்டேன். அங்கே நன்றாகத் தெரிந்தது. சி8 வேராக இருந்தால் மரப்பு முன்கைக்கும் ஏறியிருக்கும். மோதிர விரல் இப்படி நடுவில் பிரியாது. அப்படியானால் இது அல்நார் நரம்புதான்.

"முழங்கையை ஊன்றித்தான் வேலை பார்ப்பீங்களா அண்ணா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க டாக்டர், நாள் பூரா" என்றார்.