கஹாபாவும் செல்மாவும்: டாலஸ் கவுண்டியின் வரலாற்றைத் தேடிய வழி

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள டாலஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போன்றது) ஊர்ப் பெயரை வைத்துத் தேடத் தொடங்கினால் பாதி வழியில் தடம் மறைந்துவிடும். மாநிலத் தலைநகராக இருந்த கஹாபாவே இன்று காடு. நிலம் மட்டும் இடம் மாறவில்லை. அதனால் நாங்கள் ஊரை விட்டுவிட்டு நிலத்தின் எண்ணைப் பிடித்தோம்.

முதலில் எல்லையைச் சரிபார்க்க வேண்டும். டாலஸ் 1818-ல் உருவானது. 1830-ல் அதன் கிழக்கே ஒரு துண்டு புதிய லவுண்ட்ஸ் கவுண்டிக்குப் போனது. அந்தத் துண்டில் 1825-ல் கைமாறிய நிலத்தின் பத்திரத்தை லவுண்ட்ஸில் தேடினால் கிடைக்காது. டாலஸின் பழைய பேரேடுகளில்தான் பார்க்க வேண்டும். அலபாமாவில் பத்திரம், உயில், திருமணப் பதிவு மூன்றும் கவுண்டியின் புரோபேட் நீதிபதி (உயில், இறந்தவர் சொத்து விவகாரங்களைப் பார்ப்பவர்) அலுவலகத்தில் இருக்கும். டாலஸுக்கு அது செல்மாவில்.

அடுத்தது நில எண். 'தென்மேற்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 16 வடக்கு, ரேஞ்ச் 10 கிழக்கு' என்கிற பாணியில் எழுதியிருப்பார்கள். டவுன்ஷிப் எண் வடக்கு தெற்கு இடத்தையும் ரேஞ்ச் எண் கிழக்கு மேற்கு இடத்தையும் காட்டும். டவுன்ஷிப் என்பது பக்கத்துக்கு 6 மைல் உள்ள சதுரம். அதில் 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர், கால் என்றால் 160. செக்‌ஷன்களின் எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே 6 வரை போகும். 6-க்குக் கீழே 7, அங்கிருந்து கிழக்கே திரும்பும். ஏர் ஓட்டுகிறவர் சால் முடிந்ததும் மாட்டைத் திருப்புவாரே, அதே போக்கு. பழக்கதோஷத்தில் இடமிருந்து வலமாக எண்ணினால் முதல் வரிசையிலேயே 5 மைல் தள்ளிப்போய் நிற்போம். கூட்டாட்சி அரசு கொடுத்த முதல் பட்டாக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் கட்டிச் சில ஆண்டுகள் கழித்தும் பட்டா வந்ததுண்டு. ஆகவே பட்டாவில் உள்ள ஆண்டைக் குடியேறிய ஆண்டாகக் கொள்ளக் கூடாது.

பட்டாவிலிருந்து பிந்தைய உரிமையாளர்களுக்கு இறங்கி வர, விற்றவர் அட்டவணை, வாங்கியவர் அட்டவணை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். பத்திரம் எழுதிய தேதியும் பதிந்த தேதியும் வேறு வேறு. இடையில் பல ஆண்டுகள் இருக்கலாம். கஹாபாவைச் சில ஏடுகளில் 'கஹாவ்பா' என்று எழுதியிருப்பார்கள். இரண்டு எழுத்திலும் தேடுங்கள்.

அந்த ஊரைப் பற்றி ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். வெள்ளம் வந்தது, 1826-ல் தலைநகர் டஸ்கலூசாவுக்குப் போனது, அத்தோடு கஹாபா அழிந்தது என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அது தவறு. கவுண்டியின் தலைமையிடமாகவும் பருத்தி ஏற்றும் ஆற்றுத் துறையாகவும் அது மீண்டும் 40 ஆண்டுகள் வாழ்ந்தது. 1865-ல் பெருவெள்ளம், 1866-ல் தலைமையிடம் செல்மாவுக்குப் போனது. ஊரைக் காலியாக்கியது இந்த இரண்டாவது மாற்றம்தான்.

இனி மனிதர்கள். வேலையின் கனமான பகுதி இது. 1860 கணக்கெடுப்பில் டாலஸின் 33,625 பேரில் 25,760 பேர் அடிமைப்படுத்தப்பட்டவர்கள். 1850, 1860 அடிமை அட்டவணைகளில் உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. கவுண்டி மக்களில் நான்கில் மூன்று பங்கினரைக் காட்டாத ஏட்டை மட்டும் வைத்து எழுதுவதை வரலாறு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அதனால் பின்னிருந்து முன்னே போனோம். 1870 கணக்கெடுப்பில் விடுதலை பெற்றவர்கள் முழுப் பெயரோடு வருகிறார்கள். அதற்கும் முன்பே 1867 வாக்காளர் பதிவில் கறுப்பின ஆண்கள் பெயரோடு இருக்கிறார்கள். நாம் தேடும் குடும்பத்தின் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களைக் குறித்துக்கொண்டு, 1865-க்கு முன் இறந்த உரிமையாளர்களின் சொத்துப் பட்டியலைப் புரோபேட் ஏட்டில் திறக்க வேண்டும். கோவேறு கழுதை, கலப்பை, கட்டில் என்று போகும் வரிசையிலேயே ஒரு தாயின் பெயரும் அவள் பிள்ளைகளின் பெயர்களும் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே டாலரில் விலையோடு. குடும்பப் பெயர் இருக்காது. வயதும் பிள்ளைகளின் வரிசையும் 1870 பதிவோடு பொருந்தினால்தான் அந்தக் குடும்பம் என்று கொள்ளலாம். விடுதலை பெற்றவர் கடைசி உரிமையாளரின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார் என்று முடிவு கட்டினால் தவறான தோட்டத்துக்குப் போய்ச் சேர்வோம். 1870 வயதுகளிலும் 30, 40 என்று முழு எண்ணாக்கியவை நிறைய; ஐந்து ஆண்டு முன்பின் விட்டுப் பாருங்கள்.

1890 கணக்கெடுப்பு ஏட்டைத் தேடி நேரம் செலவழிக்க வேண்டாம். 1921-ல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் சேதமாகிப் பெரும்பகுதி போய்விட்டது. அந்த இடைவெளியை வரி ஏடுகளால் ஓரளவு நிரப்பலாம்.

களத்துக்குக் குளிர்காலத்தில் போங்கள். இலை உதிர்ந்தபின் கிணற்று வாய், செங்கல் மேடு, பழைய தெருவின் கோடு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பெயர் பொறித்த கல் இல்லாத கல்லறைகள், கிழக்கு மேற்காக நீண்ட ஆள் நீளப் பள்ளங்களாக இருக்கும். அவற்றை மிதிக்காமல் ஓரமாக நின்று ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்துக்கொண்டு, அது எந்த செக்‌ஷனில் விழுகிறது என்று பார்த்து, அந்த நிலத்தின் பத்திர வரிசையோடு சேர்த்து வையுங்கள்.