கோடைப் பருத்தியில் பவர் வீடர் ஓட்டிய அனுபவம்

குடவாசல் பக்கம் தாளடி (இரண்டாம் போக நெல்) அறுவடைக்குப் பின் கோடைப் பருத்தி போடும் எங்களுக்கு, விதை ஊன்றியதிலிருந்து ஏறத்தாழ 45 நாட்கள் வரை களையோடுதான் மல்லுக்கட்டு. அதன் பின் செடிகள் படர்ந்து நிழல் கட்டிவிடும். களைக்கொல்லிப் பக்கம் நான் போகவில்லை. நெல்லுக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் எடுத்து வந்தாலே பருத்தி இலை சுருங்கி விரல் விரலாகப் பிரிந்துவிடும் என்பது இங்கே பலர் பட்டறிந்த விஷயம்.

சுழலும் கத்தியால் களையெடுக்கும் சிறு இயந்திரமான பவர் வீடரை நம்புவதானால் வேலை விதைப்பன்றே தொடங்கிவிடுகிறது. கயிறு பிடித்து, வரிசைக்கு வரிசை 90 செ.மீ. விட்டு ஊன்றினோம். வாடகைக்கு வந்த வண்டியின் இரு ஓரக் கத்திகளையும் கழற்றி, வெட்டும் அகலத்தை 60 செ.மீ. அளவுக்குக் குறைத்தபோது, செடியின் இரு பக்கமும் சுமார் 15 செ.மீ. பாதுகாப்பாக மிஞ்சியது. வரிசை கோணினால் அந்த இடைவெளியைக் கத்தி தின்றுவிடும்.

எங்கள் களிமண்ணில் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் பதம்தான். ஈரம் கூடினால் மண் கத்தியில் அப்பிக்கொள்வதோடு, அறுபட்ட அருகம்புல் மறுபடி வேர் பிடிக்கும். காய்ந்துவிட்டாலோ கட்டி கட்டியாகப் பெயர்ந்து இளஞ்செடியின் மேல் விழும். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும், அப்பிக்கொண்டு கிடக்கக் கூடாது. அந்தப் பதத்தில், பறிபட்ட களை அன்றைய வெயிலிலேயே கருகட்டும் என்று காலையிலேயே வண்டியை இறக்கினோம். பருத்தியின் பக்கவேர்கள் மேலாகவே ஓடுவதால், பின்பக்கக் கம்பியைச் சரிசெய்து, மேல்மண்ணைக் கீறும் அளவோடு ஆழத்தை நிறுத்தினோம்.

செடிக்கும் செடிக்கும் நடுவே முளைத்த சாரணைக் களையை வண்டி தொடவில்லை. “செடி ஓரத்த எங்ககிட்ட விட்ருங்க தம்பி, மிசினுக்குக் கண்ணு கெடையாது” என்றார் களையெடுக்க வந்த அம்மா ஒருவர். உண்மைதான். ஆனால் வயல் முழுவதும் கொத்துவதற்குப் பதில் வரிசையோரம் மட்டும் கொத்தினால் போதும் என்பதால், ஆள் கூலி கணிசமாகக் குறைந்தது. செடி முழங்கால் உயரம் வந்ததும் பார் (மண்மேடு) பிடிக்கும் கலப்பையை மாட்டி மண் அணைத்தபோது, வரிசைக்குள் புதிதாகத் தலைகாட்டிய சிறு களைகள் மண்ணுக்கடியில் மூடுண்டு போயின. இதையே இளஞ்செடியில் செய்திருந்தால் பருத்தியும் சேர்ந்து புதைந்திருக்கும்.

கோரை மண்டிய மேற்கு மூலையில் மட்டும் வண்டியை விடவே இல்லை. சுழலும் கத்தி கிழங்குச் சரத்தைத் துண்டாக்கி வயலெங்கும் பரப்பிவிடும். அறுந்த கிழங்கு ஒவ்வொன்றும் தனிச் செடியாகக் கிளம்பும். அந்த இடத்தை ஆள் வைத்துக் கிழங்கோடு தோண்டி, வரப்பில் போட்டுக் காயவைத்தோம். வாடகை வண்டி எந்த வயலிலிருந்து வந்தாலும், கத்தியிலும் அச்சிலும் சுற்றியிருப்பதைச் சுரண்டி எடுத்த பிறகே இப்போது வரப்பைத் தாண்ட விடுகிறேன்.