அகரவரிசையில் நிற்கும் மூன்று நாடுகள்

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் மகள், லாட்வியாவின் தலைநகரையும் லிதுவேனியாவின் தலைநகரையும் நான்காம் முறையாக மாற்றிச் சொல்லிவிட்டு, "இவற்றை ஒரே நாடாக வைத்திருந்தால் என்ன சித்தப்பா?" என்று சலித்துக்கொண்டாள். அவளுக்கு வழி சொல்லலாம் என்று வரைபடத்தை எடுத்து வைத்தபோதுதான், இத்தனை காலம் என் கண்ணில் படாத ஓர் ஒழுங்கு தெரிந்தது.

ஐரோப்பாவில் பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் இருக்கும் மூன்று நாடுகளையும் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா என்று வடக்கிலிருந்து தெற்கே எழுதினால், அது தமிழ் அகரவரிசையாகவே அமைந்துவிடுகிறது. தலைநகரங்களும் அப்படியே: தால்லின், ரீகா, வில்னியஸ். ஆங்கில எழுத்து வரிசையில் தலைநகரங்கள் இப்படி அமைவதில்லை என்பதில் எனக்குச் சிறு பெருமிதம். பரப்பளவும் தெற்கே போகப்போகக் கூடுகிறது. ஏறத்தாழ 45,000, 64,500, 65,300 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையும் கூடுகிறது. யூரோ நாணயத்துக்கு மாறிய ஆண்டுகள் 2011, 2014, 2015. மிக உயர்ந்த இடத்தின் உயரம் மட்டும் 318, 312, 294 மீட்டர் என்று இறங்குகிறது. இவற்றை மலை என்று சொல்ல நமக்கு நா எழாது; எஸ்டோனியர்களே தங்களுடையதற்கு 'பெரிய முட்டைக் குன்று' என்று பொருள்படும் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டவள், அப்படியானால் மூன்றும் ஒன்றுபோலத்தானே என்றாள். அங்கேதான் பொது அறிவுப் புத்தகங்கள் நம்மை ஏமாற்றுகின்றன. நெருப்புக்கு லிதுவேனிய மொழியில் 'உக்னிஸ்', லாட்விய மொழியில் 'உகுன்ஸ்'. வடமொழி அக்னியை அறிந்த நம் காதுக்கு இரண்டும் அந்நியமல்ல. லிதுவேனியர்களின் 'தியேவஸ்' நம்மிடம் புழங்கும் தேவன். அவர்கள் புகையைக் குறிக்கும் 'தூமை', தூமகேதுவில் உள்ள தூமம். ஆனால் எஸ்டோனியர்களுக்கு நெருப்பு 'துலி', கடலுக்கு அப்பால் இருக்கும் பின்லாந்துக்காரர்களுக்கும் அதே 'துலி'. லிதுவேனியம், லாட்வியம், வடமொழி எல்லாம் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தையே சேராத மொழி எஸ்டோனியம். அவன், அவள் இரண்டுக்கும் அதில் ஒரே சொல்தான், எதிர்காலத்துக்கென்று தனி வினைவடிவமும் கிடையாது. திராவிட மொழிகளுக்கும் பின்னிஷ் முதலியவற்றுக்கும் உறவு உண்டென்று கால்டுவெல் கருதினார். இன்றைய மொழியியலார் அதை ஏற்பதில்லை.

மொழியை விட்டு மதத்துக்கு வந்தால் கூட்டணி மாறிவிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஜெர்மானிய வீரர்களின் பிடியில் இருந்த எஸ்டோனியாவிலும் லாட்வியாவின் பெரும்பகுதியிலும் பின்னாளில் புராட்டஸ்டன்ட் பிரிவான லூத்தரன் சபை வேரூன்றியது. லிதுவேனியாவோ அந்தப் பிடிக்குள் அடங்காமல் பழைய தெய்வங்களையே வணங்கிக்கொண்டிருந்தது. அதன் அரசர் யொகைலா 1386-இல் திருமுழுக்குப் பெற்று, போலந்து அரசியை மணந்து, அந்நாட்டுக்கும் அரசரான பிறகுதான் அது கத்தோலிக்க நாடானது. பதினைந்தாம் நூற்றாண்டில் கருங்கடல் வரை பரவியிருந்த பேரரசு அது என்றால், இன்றைய வரைபடத்தைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள்.

கடைசியாக, ரஷ்யாவுடன் எல்லை இல்லாத நாடு இந்த மூன்றில் எது என்று கேட்டேன். வரைபடத்தின் கிழக்கு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, அங்கே பெலாரஸ்தான் இருக்கிறது என்பதால் லிதுவேனியா என்றாள். விரலைத் தென்மேற்குக்கு நகர்த்தச் சொன்னேன். மற்ற ரஷ்ய நிலத்தோடு ஒட்டாமல் தனித்துக் கிடக்கும் கலினின்கிராட் அங்கே இருந்தது. ஏமாற்றுக் கேள்வி என்று கோபித்துக்கொண்டு, உடனே அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.