காகிதக் கூழில் பாலாமை: ஓடு முடிந்தது, கழுத்து பாக்கி

கருப்பு ஆமை முடிந்து வார்னிஷும் அடித்தாயிற்று. இப்போது மேசையில் இருப்பது பாலாமை. இரண்டுமே எங்கள் மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் இருப்பவைதான், ஆனால் செய்ய உட்கார்ந்தால் ஒன்றுக்குப் பழகிய கை மற்றதற்கு உதவவே மாட்டேன் என்கிறது.

கூழ் பழைய முறைதான். செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து அரைத்து, ஊறிய வெந்தயத்தையும் அரைத்துச் சேர்த்தால் பூச்சி அண்டாது, பிடிப்பும் வரும். கவிழ்த்த கிண்ணத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு அப்பிக் காயவிட வேண்டியது. வாசனை வீடு முழுக்க இருக்கும், அதைச் சமாளிப்பது உங்கள் பாடு.

கருப்பு ஆமையில் ஓட்டின் மேல் கட்டங்கள் இருக்கின்றன: நடுவில் 5, பக்கத்துக்கு 4, ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னதாக. முதுகில் நீளவாக்கில் மூன்று மேடு. கூழ் ஈரமாக இருக்கும்போதே ஊசியால் கீறிவிட்டால் ஆமை வந்துவிடும், கோடு சற்றுக் கோணினாலும் யாருக்கும் தெரியாது. நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள்தான் அந்தக் கட்டங்கள். அடியில் எலும்புத் தட்டுகள் வேறு இடங்களில் இணைகின்றன. கொத்தனார் ஒரு வரிசைச் செங்கலின் இணைப்புக்கு மேல் அடுத்த வரிசையின் இணைப்பு வராமல் வைப்பாரே, அதே கணக்கு, அதனால்தான் அந்த ஓடு அவ்வளவு உறுதி.

பாலாமையில் கீறுவதற்கு ஒன்றுமே இல்லை. எலும்பின் மேல் கட்டங்களுக்குப் பதிலாகத் தோல் போர்த்தியிருக்கிறது. மழமழவென்று இருப்பதைச் செய்வதுதான் கஷ்டம், கைவிரல் தடம் ஒன்று விழுந்தாலும் அசிங்கமாகத் தெரியும். ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துத்தான் அந்த வழவழப்பு வந்தது.

கோடையில் கண்மாய் வற்றியபோது தோல் உரிந்துபோன பழைய பாலாமை ஓடு ஒன்று கிடந்தது. எலும்பின் மேற்பரப்பு முழுக்கப் பொடிப் பொடியாகச் சொரசொரப்பு, ரவை ஒட்டியது மாதிரி என்று எழுத வந்து நிறுத்திக்கொள்கிறேன், நேரில் பார்த்தால்தான் புரியும். எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு அங்கேயே வைத்துவிட்டேன். பாலாமை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருகிறது. உயிருள்ளதைப் பிடிப்பது மட்டுமல்ல, ஓட்டை வீட்டில் வைத்திருப்பதும் சிக்கல்தான். ஒன்றை வாங்கி வளர்த்துப் பார்த்துச் செய்யலாமே என்கிற நண்பர்களுக்கும் இதே பதில். மீன் தொட்டிக் கடைகளில் தெரியும் சிவப்புக் காது ஆமை அமெரிக்க இனம், அதுவும் கட்டம் போட்ட கடின ஓடு, இந்த வேலைக்கு உதவாது.

மெல்லோட்டு ஆமை என்றாலே தட்டையாக இருக்கும் என்று ஒரு நினைப்பு உண்டு. காவிரி போன்ற ஆறுகளில் இருக்கும் லீத் ஆமை அப்படித்தான், தட்டை, ஓரமெல்லாம் வளையும் தோல். பாலாமை அந்தக் குடும்பத்திலேயே கொஞ்சம் மேடானது, பின் ஓரத்தில் சின்னச் சின்ன எலும்புகளும் உண்டு. அதனால் கிண்ணத்தின் வளைவு ஏறக்குறைய சரியாகவே உட்கார்ந்தது.

அப்புறம் வயிற்றுப் பக்கம். எனக்குப் பிடித்த வேலை இதுதான். பின்னங்கால் இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் தோல் மடிப்பு ஒவ்வொன்று. காலை உள்ளே இழுத்ததும் அது கதவு போட்டுக்கொள்கிறது, முன்பக்கமும் கொஞ்சம் மேலே மடங்கும். கருப்பு ஆமை உள்ளே போனாலும் கால் வெளியே தெரியும், இது ஏறக்குறைய முழுசாக மூடிக்கொள்ளும். மேல் ஓட்டில் விட்டதை இங்கே பிடித்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மடிப்புக்குக் கூழ் சரிவராது, காய்ந்தால் விறைத்துவிடும். பழைய கைப்பையின் ரெக்சினை வெட்டி ஒட்டினேன், தூக்கினால் தூக்குகிறது, விட்டால் படிகிறது. அடியில் எலும்பு தடித்த திட்டுகள் 7, அவற்றுக்குக் கூழை மெல்லிசாக அப்பி உப்புத்தாள் போட்டேன்.

கால்களும் வேறு. கருப்பு ஆமைக்கு முன்காலில் 5 நகம், பின்காலில் 4. பாலாமைக்கு நான்கு காலிலும் வெளியே தெரிவது 3 மட்டும், மற்ற விரல்கள் சவ்வுக்குள். வேலை மிச்சம்.

கழுத்துதான் இன்னும் நிற்கவில்லை. எதிர்பார்ப்பதைவிட நீளமாக வெளியே வரும், பின்னால் பிடித்தாலும் திரும்பிக் கடிக்கும் அளவுக்கு. கரையில் உட்கார்ந்து பார்த்தால் உடம்பு எதுவும் தெரியாது, குழாய் மாதிரி மூக்கு நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் வந்து உடனே உள்ளே போய்விடும். சேற்றில் புதைந்தபடியே கழுத்தை நீட்டி மூச்சு விடுகிற பிராணி. போதாததற்குத் தோல் வழியாகவும் தொண்டை வழியாகவும் தண்ணீரிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் எடுக்கும். அதே தோலால்தான் வெயிலில் கருப்பு ஆமையைவிடச் சீக்கிரம் உடம்பு ஈரம் இழக்கிறது, கண்மாய் வற்றினால் மண்ணுக்குள் போய்விடுகிறது.

கூழ் கழுத்து தன் பாரத்திலேயே தொங்குகிறது. அடுத்து உள்ளே கட்டுக்கம்பி கொடுத்து, மேலே துணி சுற்றிப் பார்க்கப் போகிறேன். நிறம் பிரச்சினை இல்லை. வடக்கே இருப்பதற்கு மஞ்சள் புள்ளி உண்டு, நம் பக்கத்தில் வெறும் பச்சை கலந்த பழுப்பு, ஒரே கோட் போதும்.