குழந்தைக்காக காத்திருக்கிற நாட்கள்ல என்னைத் தாங்குன வாக்குத்தத்தம்

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிருச்சு, குழந்தை இல்ல. சபையில எல்லாரும் அன்பாத்தான் சொல்லுவாங்க, வயசான காலத்துல ஆபிரகாம் சாராளுக்கு குழந்தை குடுத்தவர் உங்களுக்கும் குடுப்பாருன்னு. ஆமென்னு சொல்லிட்டு வந்துருவேன், ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வராது, ஆண்டவர் இதை எனக்கு வாக்கு குடுத்திருக்காரா, குடுத்திருந்தா ஏன் இன்னும் நடக்கல, இதே கேள்விதான் ஓடும்.

அந்த கேள்வியோடவே பைபிள்ல அவங்க கதை வர்ற ஆதியாகமம் 12ம் அதிகாரத்துல இருந்து 21 வரைக்கும் ஒரே மூச்சா வாசிச்சேன். ஆரானை விட்டு கிளம்பும்போது ஆபிரகாமுக்கு 75 வயசு, வாக்குப்பண்ணின மகன் ஈசாக்கு பிறக்கும்போது 100. வேலைக்காரி ஆகார் மூலமா இஸ்மவேல் பிறந்தப்போ 86னு 16ம் அதிகாரம் முடியுது, அடுத்த அதிகாரம் 99 வயசுல ஆரம்பிக்குது. நடுவுல இருக்குற 13 வருஷத்தைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. அந்த வருஷங்கள்ல சாராள் எப்படி ஜெபிச்சிருப்பாங்கன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்.

ஆனா என்னைத் தூக்கி நிறுத்துனது 15ம் அதிகாரம்தான். தேவன் தன் வாக்கை உடன்படிக்கையா உறுதி பண்ற இடம் அது. அவர் கொண்டுவரச் சொன்ன கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூணையும் ஆபிரகாம் நடுவுல துண்டிச்சு எதிரெதிரா வைக்கிறாரு. உடன்படிக்கை பண்றவங்க அந்த துண்டுகளுக்கு நடுவுல கடந்து போகணும், வாக்கை மீறினா எனக்கும் இதே கதி வரட்டும்ங்கிற மாதிரி, எரேமியா 34லயும் இந்த வழக்கம் வருது. ஆனா இங்க ஆபிரகாம் கடந்து போகவே இல்லங்க, அயர்ந்து தூங்கிட்டு இருக்காரு, புகையுற சூளையும் அக்கினியும் மட்டும்தான் கடந்து போகுது. மொத்த பொறுப்பையும் தேவன் தன்மேலயே ஏத்துக்கிட்டாரு! அன்னைக்கு நல்லா அழுதேன், ஏன்னா உங்களுக்கு விசுவாசம் பத்தலன்னு ஒருத்தங்க சொன்னது அதுவரைக்கும் உள்ள குத்திக்கிட்டே இருந்துச்சு. தயவுசெஞ்சு யார்கிட்டயும் அந்த வார்த்தையை சொல்லாதீங்க.

அப்புறம் ஒரு விஷயத்தை ஏத்துக்க வேண்டி இருந்துச்சு. ஈசாக்கைத் தருவேன்னு சொன்னது ஆபிரகாமுக்கு, அந்த சந்ததியில கிறிஸ்து வரணும். உனக்கு ஒரு குழந்தை தருவேன்னு என் பேருக்கு அப்படி ஒரு வசனம் கிடையாது. வலிச்சுச்சு, ஆனா அதுக்கப்புறம்தான் உண்மையிலயே எனக்கு குடுத்தது எதுன்னு தேடினேன். எபிரெயர் 13:5, "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை". கிறிஸ்துவுக்குள்ள இருக்குற எல்லாருக்கும் உள்ளது இது, எனக்கும்தான். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் இது மாறாது.

ஜெபிக்க வார்த்தை வராத நாட்கள்ல சங்கீதம் 13ஐ அப்படியே சத்தமா வாசிப்பேன். முதல் ரெண்டு வசனத்துலயே நாலு தடவை எதுவரைக்கும்னு தாவீது கேக்குறாரு, நம்மளும் அப்படி கேக்கலாம், ஆண்டவர் அதுக்கு கோவிச்சுக்க மாட்டாரு.

இன்னும் குழந்தை இல்ல. டாக்டரைப் பாக்குறோம், ஆண்டவர்கிட்ட கேக்குறதையும் நிறுத்தல. போன முறையும் ரிசல்ட் நாங்க எதிர்பாத்த மாதிரி வரல, ஆஸ்பத்திரி வராண்டாவுலயே நானும் வீட்டுக்காரரும் கையப் பிடிச்சுக்கிட்டு அந்த எபிரெயர் வசனத்தை சொல்லித்தான் ஜெபிச்சோம், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கிட்டு வந்தோம்.