பெருவிரல் மறைத்த மலை

வகுப்புத் தோழர்களே, பத்தாம் வகுப்பில் திருவனந்தபுரத்துக்குச் சுற்றுலா போனோமே, நினைவிருக்கிறதா? புலிக்கூண்டு பார்த்து முடித்ததும் எல்லாரும் ஐஸ் வண்டிக்கு ஓடினீர்கள். எங்கள் ஐந்து பேரை மட்டும் டிராயிங் சார் பிடித்து நிறுத்தி, அதே வளாகத்தில் இருக்கும் ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடத்துக்கு அழைத்துப் போனார். ரவிவர்மா படங்களின் முன்னால் வாய் பிளந்து நின்ற எங்களை, "மக்களே, இங்க வாங்க" என்று ரோரிக் படங்களின் பக்கம் கூட்டிப்போனார்.

நிக்கோலஸ் ரோரிக் ரஷ்யர். 1874இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். 1923 கடைசியில் குடும்பத்தோடு இந்தியா வந்து, டார்ஜிலிங்கில் தங்கி, சிக்கிமின் புத்த மடாலயங்களைச் சுற்றினார். 1925 முதல் 1928 வரை லடாக், மங்கோலியா, திபெத் என்று ஓயாத பயணம். 1927 குளிர்காலத்தில் திபெத்திய அதிகாரிகள் வழிமறித்துவிட்டார்கள். முன்னேயும் போக முடியாது, திரும்பவும் முடியாது. ஐந்து மாதம், கோடைக்காலக் கூடாரங்களில். கூட வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள், சுமை விலங்குகளும் முக்கால்வாசிக்கு மேல் செத்துப்போயின. இதைச் சொல்லும்போது சாரின் குரல் தாழ்ந்துவிட்டது. அந்த மலைகள்மேல் ரோரிக்குக்குக் கோபமே வரவில்லை என்பதுதான் சாருக்குப் பெரிய ஆச்சரியம். பிறகு ரோரிக் குலு பள்ளத்தாக்கில் நக்கர் என்ற ஊரில் குடியேறி, 1947இல் சாகும்வரை அதே பனிமலைகளைத்தான் வரைந்துகொண்டிருந்தார்.

"ரவிவர்மா படத்துல சன்னல் வெளிச்சம் பட்டு மினுங்குது, தலைய அங்கயும் இங்கயும் சாய்ச்சுப் பாக்கணும். இதுல மினுக்கம் உண்டா?" என்றார் சார். இல்லை. அது எண்ணெய் வண்ணம், இது டெம்பரா, முட்டைக்கருவிலோ பசையிலோ குழைத்த வண்ணம். சீக்கிரம் காய்ந்துவிடும், ஒரு நிறத்தை இன்னொன்றில் இழைத்துக் குழைக்க நேரம் தராது. அதனால்தான் மலைகள் பட்டை பட்டையாக, சுண்ணாம்புச் சுவரில் தீட்டியதுபோல் நிற்கின்றன. மடாலயச் சுவர் ஓவியங்களையும் துணிப் படங்களையும் ஊன்றிப் பார்த்த கண் அது. புத்தரையும், திபெத்தியர் போற்றும் புத்த குருக்களான பத்மசம்பவரையும் மிலரேபாவையும் அவர் வரிசையாக வரைந்திருக்கிறார். எனக்கென்னவோ, ஆளே இல்லாத மலைப் படங்களில்தான் புத்தம் கூடுதலாக இருப்பதாகத் தோன்றும்.

நான் பனிமலை வரைந்தால் நிழலுக்குக் கறுப்பு பூசுவேன். அந்தப் படங்களில் கறுப்பு நிழலே காணோம், நீலம், ஊதா. "பனி வெள்ளைதானே சார், எதுக்கு நீலம்?" என்று கேட்டேன். "நம்ம தாடகை மலை என்ன நெறம்? நாளைக்குக் காலம்பற பாத்துட்டு வந்து சொல்லு." பூதப்பாண்டிப் பக்கத்துக்காரர்களுக்கு விடை தெரிந்திருக்கும். மரமெல்லாம் பச்சை, மலை நீலம். பிறந்ததிலிருந்து வீட்டு வாசலில் நின்ற மலையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கிளம்பும்முன் சார் இன்னொன்று செய்யச் சொன்னார். ஒரு படத்தின் அடியில், அரிசி மணி அளவுக்கு ஒரு மடாலயம். "ஒரு கண்ண மூடிக்கிட்டு, பெருவிரல நீட்டி அத மறச்சுப் பாரு." மறைத்தேன். மலை சட்டென்று சுருங்கி வெறும் கல்லாகிவிட்டது. விரலை எடுத்தேன், வானம் வரை எழும்பியது.

1998இல் நியூயார்க்கில், 107ஆவது தெருவில் இருக்கும் ரோரிக் அருங்காட்சியகத்துக்குப் பத்து வயது மகளோடு போனேன். குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே அதுவும் ஒரு வீடு மாதிரி இருந்தது, கட்டணம் கிடையாது. மாடிப்படி ஏற ஏற, சுவரெல்லாம் இமயம். சார் இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு படத்தின் முன் மகளை நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொன்னேன். அவளுடைய சின்னப் பெருவிரல் மடாலயத்தை மறைத்தது.

"அப்பா, மலை சின்னதாயிடுச்சு!"

"விரலை எடு மக்களே" என்றேன்.